பொகவந்தலாவை வளைவில் ஒரு நாமக்கல் லாரி

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். “லாரி பார்க்க” என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பக்கத்துக் கூண்டில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். கோயில், கடற்கரை, யானை என்று பார்க்க எவ்வளவோ இருக்க, இவன் லாரி பார்க்க வந்திருக்கிறானே என்பதுதான் அதன் பொருளாக இருக்க வேண்டும். முத்திரை விழுந்தது, அது போதும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவது என் தொழில். பழைய லாரிகளைப் பற்றி இணையத்தில் வீடியோ போட்டுப் பேசுவது என் பைத்தியம். தொழில் சோறு போடுகிறது, பைத்தியம் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்படி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பொகவந்தலாவையிலிருந்து புஷ்பராணி என்ற பெண் போன வருடம் எனக்குப் போன் செய்தாள். அவளும் அவள் கணவன் லிங்கமும் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பழைய பெட்ஃபோர்டு லாரி ஒன்றை வாங்கியிருந்தார்கள். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது, பாடிதான் இற்றுப்போய்விட்டது, உங்கள் ஊர் மாதிரி ஒன்று வரைந்து தருவீர்களா என்று கேட்டாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது எனக்கு. உட்கார்ந்து வரைந்தேன். அளவுகளோடு போனில் அனுப்பினேன். ஹட்டனில் ஒரு கராஜில் அதைப் பார்த்துக் கட்டினார்கள். வேலை முடிந்ததும் புஷ்பராணி மறுபடி கூப்பிட்டாள். “அண்ணே, நீங்க வரைஞ்சது. நீங்களே வந்து பாத்துட்டுப் போங்க.” வேறு யாராவது இப்படிக் கூப்பிட்டிருந்தால் பார்க்கலாம் என்று இழுத்திருப்பேன். லாரி கூப்பிட்டதால் கிளம்பிவிட்டேன்.

ரயிலில் வடை விற்றுக்கொண்டு வந்தார்கள். பருப்பு வடையின் நடுவே முழு இறால் ஒன்று, காலை நீட்டிப் படுத்த மாதிரி பொரிந்து கிடந்தது. முட்டைக்குப் பேர்போன ஊர்க்காரன் நான், வடையில் முட்டைகூட வைத்துப் பார்த்ததில்லை. மூன்று தின்றேன். எதிரே இருந்த சிங்களப் பெரியவர் காகிதத்தை என் பக்கம் நீட்டி, கை துடைத்துக்கொள் என்று சைகை காட்டினார். அது யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணக்குப் பரீட்சைத் தாள். எண்ணெய் பட்டும் மதிப்பெண் தெரிந்தது, பாஸ்தான்.

ஹட்டனில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பற்கள் தந்தியடித்தன. எங்கள் ஊரில் மார்கழியில் ஒரு போர்வை எடுப்போம், அதுவும் வழக்கத்துக்காக. இங்கே பட்டப்பகலில் எல்லோரும் தலைக்குக் குல்லாய் போட்டிருந்தார்கள். லிங்கம் குடையோடு நின்றிருந்தான். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். என் பெட்டியையும் என்னையும் ஒரு ஆட்டோவில் ஏற்றினான். மேட்டில் பாதியில் ஆட்டோ மூச்சு வாங்கி நின்றது. “ஐயா மட்டும் கொஞ்சம் எறங்குங்க, பெட்டி இருக்கட்டும்” என்றான் ஆட்டோக்காரன். பெட்டி சவாரி போக, நான் பின்னால் நடந்தே போய்ச் சேர்ந்தேன்.

கராஜ் நிசாம் நானாவுடையது. அறுபதைத் தொடும் வயது, பழுப்பு பனியனுக்கு மேல் கம்பளிச் சட்டை. அண்ணன் என்பதைத்தான் இங்கே முஸ்லிம்கள் நானா என்கிறார்கள், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. கதவைத் தள்ளித் திறந்து, “இந்தா நிக்குது உங்க புள்ள” என்றார்.

அது நின்ற அழகைச் சொல்லத்தான் வேண்டும். தட்டையான முகம், இரண்டு வட்டக் கண், நீலப் பூச்சு. பின்னால் பலா மரத்தில் என் பாடி. பக்கவாட்டில் காற்றுப் போக வலைக்கம்பி. தேயிலைக் கொழுந்துச் சாக்குகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் தொங்கவிடுவதற்கு வரிசையாகக் கொக்கிகள். அந்தக் கொக்கியும் வலையும் நிசாம் நானா சொல்லி நான் சேர்த்தவை. பறித்த கொழுந்து நெருக்கினால் சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் தொழிற்சாலையில் வாங்க மாட்டார்கள். பின்கதவில் இரண்டு மயில். அவற்றுக்கு நடுவே, நான் கேட்டுக்கொண்டபடி, ‘நாமக்கல் கட்டு’ என்று கொட்டை எழுத்து. என் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பெற்றபோதுகூட இப்படி இல்லை என்று என் மனைவி படித்தால் வையப்போகிறாள், இருந்தாலும் உண்மை அதுதான்.

நிசாம் நானா பின்பக்கம் போய் நின்று தாடியைச் சொறிந்தார். “படம் வந்தன்னைக்கே கேட்டேனே, வால் கொஞ்சம் நீளந்தானே?”

லாரியின் அடிச்சட்டமான சேஸி முடிந்த இடத்துக்கு அப்பாலும் பாடியை ஒன்றரை அடி நீட்டியிருந்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். நெல்லோ வைக்கோலோ கோழித் தீவனமோ, அந்த ஒன்றரை அடியில் ஏறுவதுதான் சொந்தக்காரனுக்கு லாபம். “அதுதாங்க நாமக்கல் கட்டு. வால் நீண்டா வருமானம் நீளும்” என்றேன்.

“நாமக்கல்லே சொன்னா நான் என்னத்தச் சொல்ல” என்றார். பிறகு இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீர் வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மறுநாள் என் பைத்தியத்துக்கு ஒதுக்கிய நாள். நிசாம் நானா கராஜைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பினார். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனோம். வளைவுக்கு வளைவு முன்னால் நின்ற பாதிரியார் என்மேல் விழுந்தார், அடுத்த வளைவில் நான் அவர்மேல் விழுந்தேன். கடைசியில் இருவரும் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டோம்.

லிந்துலையில் ஒரு விறகு வியாபாரியின் முற்றத்தில் முதல் தரிசனம் கிடைத்தது. மூக்கு நீண்ட பழைய பெட்ஃபோர்டு. முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தது. அந்தக் காலத்தில் வளைந்த பெரிய கண்ணாடி செய்வது சிரமம், அதனால் இரண்டு தட்டைக் கண்ணாடிகளைக் கோணமாக வைத்தார்கள். மூக்கு லாரியில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் தனி அறையில் இருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது வரம். எஞ்சின் சூடு ஆளைத் தீண்டாது. அதனால்தான் எங்கள் பக்கம் மூக்கு வண்டிகள் அத்தனை காலம் ஓடின.

மலையில் கதை வேறு. மூக்கு லாரியின் ஓட்டுநருக்கு வளைவில் மூக்குதான் முதலில் போகும், அவர் பின்னால் போவார். எதிரே பஸ் வருகிறதா, பள்ளம் வருகிறதா என்பது மூக்குக்குத்தான் தெரியும். தட்டை முகம் வந்ததும் ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்தார், ரோட்டின் விளிம்பு காலுக்குக் கீழே தெரிந்தது. “அது மட்டுமில்ல” என்றார் நிசாம் நானா. “சீட்டுக்குப் பின்னாலயே இஞ்சின். இந்தக் குளிருக்கு முதுகுக்கு அடுப்பு வச்ச மாதிரி. டிரைவருங்க ரொட்டிப் பார்சல அது மூடி மேலதான் வைப்பாங்க. பகலுக்குப் பிரிச்சா ஆவி பறக்கும்.” ஒரு லாரியின் வடிவத்தை ரொட்டியை வைத்து விளக்கிய ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

அன்று பார்த்தவை எல்லாம் ஒரே காலத்து வண்டிகள்தான், ஆனால் எதுவும் ஒன்று போல் இல்லை. விறகு ஏற்றியதற்குப் பக்கச்சுவரே இல்லை, நான்கு மூலையிலும் தடித்த கம்பங்கள் மட்டும். தேயிலைத் தூளைப் பெட்டியில் அடைத்து ரயிலுக்குக் கொண்டுபோனது முழுக்க மூடிய அலமாரி, ஒரு சொட்டு மழை உள்ளே புகாது. கொழுந்து ஏற்றியது வலைக்கூண்டு. ஆள் ஏற்றியதற்குப் பின்னால் இரும்பு ஏணி, உள்ளே பிடித்துக்கொள்ளக் கயிறு. இங்கிலாந்திலிருந்து வந்தது முகமும் சேஸியும் மட்டுமே. முதுகில் என்ன இருக்க வேண்டும் என்று இந்த மலை முடிவு செய்திருக்கிறது. இப்போது ஜப்பான் லாரிகளும் நம்மூர் லாரிகளும் வந்துவிட்டன. அவற்றின் முதுகிலும் அதே வலைக்கூண்டு, அதே கொக்கி. எல்லாவற்றையும் அளந்தேன், படம் எடுத்தேன். எல்லா வண்டிக்கும் பின்புறம் பின்சக்கரத்தை ஒட்டியே வெட்டின மாதிரி முடிந்திருந்தது. அதையும் படம் எடுத்தேன். கண்ணில் பட்டது, புத்தியில் ஏறவில்லை.

சாயங்காலம் பொகவந்தலாவையில் புஷ்பராணியின் வீட்டில் சாப்பாடு. தேங்காய் ரொட்டி, காய்ந்த மிளகாயை இடித்த கட்டச்சம்பல், பருப்பு. ஒரு விரல் சம்பலுக்குக் காதில் புகை வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கருப்பட்டித் துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது வயது மகள் தர்ஷினி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள்.

பிள்ளை தூங்கப் போன பிறகுதான் புஷ்பராணி விஷயத்தைச் சொன்னாள். “அடுத்த கெழமை நான் குவைத்துக்குப் போகணும்ணே. வீட்டு வேலைக்கு. மெடிக்கல் எல்லாம் முடிஞ்சிருச்சு. ரெண்டு வருஷம்.”

லாரி வாங்கியதே அதைத் தவிர்க்கத்தான். மேலே டிவிஷன் என்கிற தோட்டப் பிரிவில் எடுக்கும் கொழுந்தையும், பக்கத்தில் சிறு தோட்டம் வைத்திருப்பவர்களின் கொழுந்தையும் கீழே தொழிற்சாலைக்கு இறக்க ஒரு லாரி தேவைப்பட்டது. முன்பு இறக்கியவர் விட்டுவிட்டார். தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்கிறார்கள். அங்கே தேயிலை பதமாக்குவதற்குப் பொறுப்பான டீமேக்கர், ஒரு நாள் கொண்டுவந்து காட்டுங்கள், கொழுந்து கெடாமல் வந்தால் தினமும் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நாள் நாளை.

“நாளைக்குக் கொழுந்து நல்லபடியா போய்ச் சேந்தா நான் போகல. இல்லாட்டி போகத்தான் வேணும்” என்றாள். லிங்கம் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் ஊரைவிட்டுப் போவதும் போகாததும் நான் வரைந்த படத்தில் வந்து நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பயமாக இருந்தது. ஆனால் லிங்கம் பகலில் ஹட்டனிலிருந்து ஓட்டிவந்து வெளியே நிறுத்தியிருந்த லாரியில் என் மயில்களைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. அவ்வளவு நம்பிக்கை எனக்கு என்மேல்.

காலையில் லிங்கம், புஷ்பராணி, நான் மூன்று பேரும் லாரியில் ஏறினோம். நடுவில் நான். முதுகுக்குச் சூடு இதமாக இருந்தது, நிசாம் நானா சொன்னது சரிதான். மேலே டிவிஷனுக்கு ஏறும் பாதை லாரி அகலத்துக்குத்தான் இருந்தது. வழியில் கொண்டை ஊசி வளைவு ஒன்று. ஒரு பக்கம் மலையை அணைத்துக் கட்டிய கல்சுவர், மறுபக்கம் பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை. லிங்கம் ஒரே சுற்றில் வண்டியை இழுத்து ஏற்றினான். அப்போது என் நீண்ட வால் பள்ளத்துப் பக்கம் காற்றில் வீசிக்கொண்டு போயிருக்கிறது. அங்கே தடுக்க ஒன்றும் இல்லை. நான் கவனிக்கவும் இல்லை, லிங்கத்தின் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

மேலே கொழுந்து நிறுத்து முடித்துச் சாக்குகளைக் கொக்கியில் மாட்டினோம். வண்டி நிறைந்தது. ஒன்றரை அடி வாலிலும் சாக்குகள் தொங்கின. புஷ்பராணி ஒவ்வொரு சாக்கின் வாயையும் தளர்த்திவிட்டாள். இறங்க ஆரம்பித்தோம்.

அதே வளைவு. இறங்கும்போது வலது பக்கம் திரும்ப வேண்டும், வால் இடது பக்கம் வீசும். இடது பக்கம் கல்சுவர். பாரத்தோடு இறங்கும் லாரி இந்த வளைவை ஒரே சுற்றில் எடுக்க முடியாது. கொஞ்சம் முன்னே போய், கொஞ்சம் பின்னே வந்து, மறுபடி திரும்ப வேண்டும். அந்தப் பின்னே வருவதற்கான இடத்தைத்தான் நான் பலா மரத்தால் அடைத்து, மேலே மயில் வரைய வைத்திருந்தேன். லிங்கம் முன்சக்கரத்தைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோய்ப் பின்னால் எடுத்தான். தடாரென்று வால் சுவரில் முட்டியது. முன்னால் எடுக்க வழியில்லை, பின்னால் போக இடமில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி லாரி ரோட்டின் குறுக்கே நின்றுவிட்டது.

லிங்கம் இரண்டு மூன்று முறை முயன்றான். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து மண் உதிர்ந்தது, முன்சக்கரம் விளிம்பில் ஒரு விரல் நகர்ந்தது. நான்காவது முறைக்கு அவன் கை வரவில்லை. எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பின்னால் போய் வாலைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

“என் தப்பும்மா” என்றேன்.

“தப்பப் பொறவு பேசலாம்ணே. கொழுந்த எறக்கணும். வண்டிக்குள்ள நின்னா அவிஞ்சிரும்” என்றாள் புஷ்பராணி. அதற்குள் முதல் சாக்கைக் கொக்கியிலிருந்து கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

கீழேயிருந்து பஸ் ஒன்று ஏறி வந்து எங்கள் லாரிக்கு முன்னால் நின்றது. எங்கள் ஊர் ஞாபகம் வந்து நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். ஹார்ன் அடிக்கவில்லை. ஓட்டுநர் சுனில், சிங்களக்காரர், இறங்கி வந்து லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குள் தலையை நீட்டி என்னமோ சொன்னார். சொன்னது என்ன என்று லிங்கம் பிறகு சொன்னான். ‘கொழுந்து வண்டி மாட்டிக்கிச்சு. கை உள்ளவங்க எல்லாம் எறங்குங்க.’

இறங்கினார்கள். பள்ளிக்கூட வாத்தியார், சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள், வேட்டி கட்டிய மாப்பிள்ளை ஒருவர். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். எடுத்து முடித்துப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவரும் சாக்குக்குக் கை கொடுத்தார். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். நான் ஆவேசமாக ஒரு சாக்கை மார்போடு அணைத்துத் தூக்கினேன். “கட்டிப்புடிக்காதீங்க, சூடேறும். ரெண்டு காதையும் புடிச்சுத் தூக்குங்க” என்றாள் ஒருத்தி. காதைப் பிடித்துத் தூக்கினேன்.

பிறகு அந்தப் பெண்கள் செய்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஈரம் படாமல் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்தார்கள். ரோட்டோரம் மர நிழலில் வரிசையாக விரித்தார்கள். சாக்குகளைக் கவிழ்த்து, கொழுந்தைக் கோழி கிளறுவது போல விரலால் கிளறி, காற்றுப்பட மெல்லிசாகப் பரப்பினார்கள். அது அவர்கள் காலையிலேயே எடுத்து, நிறுத்து, கணக்கில் பெயர் போட்டு முடித்த கொழுந்து. அது வாடினாலும் சிவந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. அவர்கள் மலையில் இல்லாத நேரத்துக்கு அன்றைய நிறையும் அதற்கான கூலியும்தான் குறையும். அதைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. கொழுந்தை மிதிக்காமல் கால்விரல் நுனியில் நடந்தார்கள்.

சுனில் என் வாலைத் தட்டிப் பார்த்துச் சொன்னதையும் லிங்கம் மொழிபெயர்த்தான். ‘சட்டை பெரிசு. கைய மடிச்சு வெட்டணும்.’ வாத்தியார் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஆள் அனுப்பி மரம் அறுக்கும் ரம்பம் வரவழைத்தார். லிங்கம் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. போல்ட் எங்கே, சட்டம் எங்கே என்று எனக்குத்தான் தெரியும். அதோடு, நான் வைத்த வாலை நான் வெட்டுவதுதான் முறை.

பலா மரம் லேசில் அறுபடுகிற மரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் குளிர் போய் வேர்த்துவிட்டது. கை ஓய்ந்தபோது சுனில் வாங்கிக்கொண்டார், பிறகு லிங்கம், பிறகு வேட்டி மாப்பிள்ளை. கடைசிச் சட்டத்தை மறுபடி நானே அறுத்தேன். பின்கதவு பெயர்ந்து சுவரோர வாய்க்காலில் விழுந்தது. மயிலின் தலை ஒரு பக்கம், தோகை ஒரு பக்கம். நடுவே ‘நாமக்கல் கட்டு’ தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வளைவில் சிரிக்காதவர்கள் இல்லை, புஷ்பராணியும்கூட.

லிங்கம் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். சுனில் பின்னால் நின்று கையால் வா வா என்றார். லாரி பின்னுக்கு வந்தது. வெட்டின மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் நின்றது. முன்னால் திரும்பியது. வளைவைத் தாண்டிவிட்டது.

பெண்கள் கொழுந்தை அள்ளிச் சாக்கில் போட்டார்கள், நாங்கள் மாட்டினோம். பின்கதவு இருந்த இடத்தில் கயிறு கட்டினோம். சுனில் கடைசிச் சாக்கு ஏறும்வரை பஸ்ஸை எடுக்கவில்லை. ஒரு அம்மாள் என் கையில் வாழையிலையில் மடித்த ரொட்டியைத் திணித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். நன்றி சொல்லலாம் என்று நான் திரும்பியபோது கொழுந்துப் பெண்கள் மேலே போய்விட்டிருந்தார்கள். செடிகளுக்கு மேலே தலைகள் மட்டும் தெரிந்தன. ஒருத்தியின் பெயரும் எனக்குத் தெரியாது. இதை அவர்கள் படிக்கப்போவதில்லை என்றாலும் இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மா, தாயே, அக்கா, தங்கச்சி, உங்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். அதைவிடப் பெரிய ஒன்றையும் காப்பாற்றப் பார்த்தீர்கள், அது என்னவென்றுகூட உங்களில் யாரும் கேட்கவில்லை.

ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாய்ந்துவிட்டது. டீமேக்கர் கண்ணாடி போட்ட, சிடுசிடுத்த மனிதர். “என்ன இவ்வளவு நேரம்?” என்றார்.

“வளைவுல லொறி மாட்டிக்கிச்சுங்க சேர்” என்றாள் புஷ்பராணி. மறைக்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அவர் லாரிக்குள் ஏறினார். முன்னால் தொங்கிய நல்ல சாக்குகளை விட்டுவிட்டு, உள்ளே ஓரத்தில் இருந்த ஒன்றைப் பிரித்து, முழங்கைவரை கையை விட்டார். அப்படியே வைத்திருந்தார். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்த சாமி எல்லாம் நினைவுக்கு வந்தன. கையை எடுத்தார். ஒரு பிடி கொழுந்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். இன்னொரு சாக்கு. இன்னொன்று. புஷ்பராணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வழியில கொட்டி விரிச்சீங்களா?”

“ஆமாங்க சேர். மலையில நின்ன பொம்பளைங்கதான் விரிச்சாங்க.”

அவர் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, பச்சையாக அறுபட்டிருந்த மரத்தைத் தடவிப் பார்த்தார். “கொழுந்து குளுகுளுன்னு இருக்கு. நாளையிலிருந்து தினம் கொண்டாங்க” என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி, “இந்த வாலை மறுபடி ஒட்டாம இருந்தாச் சரி” என்றார். அவரும் சிரிக்கத் தெரிந்தவர்தான்.

லிங்கம் லாரியின் மறுபக்கம் போனான். சக்கரத்தைப் பார்ப்பது போல் குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

புஷ்பராணி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குப் போட்டு, தர்ஷினியைக் கூப்பிடச் சொன்னாள். பிள்ளை வந்து பேச நேரமாயிற்று. உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தத்தில் கேட்பதற்காகப் போனின் ஒலியைக் கூட்டி வைத்தாள்.

“தர்ஷி, அம்மா போகலடா.”

அந்தப் பக்கமிருந்து சின்னக் குரல் கேட்டது. “நாளைக்கா?”

“நாளைக்கும் போகல.”

“அதுக்கப்புறம்?”

“ஸ்டோருக்குப் போவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்.”